குரலும் நரம்பும்

இசையரங்கு முடிந்து வீடு திரும்புவோர் பாடியவரைப் பற்றியே பேசிக்கொண்டு செல்வர். அவர் பக்கத்தில் அமர்ந்து வாசித்தவரைப் பற்றிப் பேசுவோர் ஒருவர் இருவரே. இஃது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். அமெரிக்க நாட்டுப் பாடகியாராகிய பேட்சி கிளைன் அம்மையார் 1963ஆம் ஆண்டில், தம் முப்பதாம் வயதில், உலகை நீத்தார். அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் அவர் பாட்டைக் கேட்டு மகிழ்வோர் தொகை குறையவில்லை. அப்பாட்டுகளில் அவர் குரலின் பின்னே நின்று, அதனைத் தாங்கியும் தொடர்ந்தும் செல்லும் மற்றொரு குரல் உண்டு. அது மனிதர் குரலன்று. ஸ்டீல் கித்தார் என்னும் நரம்புக் கருவியின் குரல். அக்கருவியை அவருக்காக வாசித்தவர்களுள் மூவரை நான் அறிவேன். நேரிற் கண்டு அறிந்ததன்று, செவியால் அறிந்ததே. அம்மையாரை நினைக்கும்போதெல்லாம் அம்மூவரையும் உடன் நினைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அம்மையார் பாடியது ‘கன்ட்ரி இசை’ என்னும் வகையைச் சார்ந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வாழ்ந்த உழவரும், சுரங்கத் தொழிலாளரும், ஆலைத் தொழிலாளரும் தம் இன்பதுன்பங்களைப் பாடிய பாட்டே நாளடைவில் இப்பெயர் பெற்றது. இதனை ஓர் இனத்தார்க்கே உரிய கலப்பற்ற இசை என்று கருதுவாரும் உளர். அதன் கருவிகளை நோக்கினாலே அக்கருத்து நில்லாது. பிடில், ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் குடியேறியவர்களோடு கப்பலேறி வந்தது. பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் கருவி. கித்தாரின் பிறப்பிடம் ஸ்பெயின். ஸ்டீல் கித்தாரோ, பசிபிக் பெருங்கடலின் நடுவே கிடக்கும் ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. ஏழைகளின் பாட்டு, தன் வாயிலுக்கு வந்த எந்தக் கருவியையும் வேண்டாவென்று திருப்பியனுப்பவில்லை.

ஹவாயில் லாயியே என்னும் ஊரிற் பிறந்தவர் ஜோசப் கெக்குக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பள்ளியிற் பயிலும் சிறுவராக இருந்தபோதே, அவர் கித்தாரை மடிமீது கிடத்தி, நரம்புகளின்மேல் எஃகுத் துண்டு ஒன்றை வைத்து நகர்த்தி வாசிக்கும் முறையைப் பண்படுத்தினார். எஃகு நகர நகர ஒலியும் வழுக்கிச் சென்றது. 1915ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் பெரியதொரு பொருட்காட்சி நிகழ்ந்தது. அங்கே ஹவாய் இசைவாணர் வாசித்ததைக் கேட்ட அமெரிக்க மக்கள் அவ்வொலியில் மயங்கினர். பிறகு ஊர்தோறும் ஹவாய்க் கித்தார் கற்பிக்கும் ஆசிரியர் தோன்றினர். 1930களின் தொடக்கத்தில் மின்னாற்றலால் ஒலி பெருக்கும் கித்தார் கடைக்கு வந்தபோது, முதலில் வந்து வெற்றி கண்டது மடிமீது கிடத்தி வாசிக்கும் இவ்வகையே ஆகும்.

நம் நாட்டவர்க்கு இதனை விளக்குதல் எளிது. கோட்டுவாத்தியத்தைக் கண்டவர் நம்மிடையே பலர். வீணையைப் போன்ற தோற்றமுடையதாயினும் அதற்கு மெட்டுகள் இல்லை. இடக்கையிற் பிடித்த கட்டையை நரம்பின்மேல் வழுக்கிச் செலுத்தியே சுரங்களைப் பிறப்பிப்பர். ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்குப் படியேறிச் செல்லாமல் நீந்திச் செல்லும் தன்மை அதற்கு உண்டு. மனிதக் குரலும் அவ்வாறே செல்வது. ஆதலின் இவ்வகைக் கருவிகள் பேசுவனபோலவும் அழுவனபோலவும் தோன்றுகின்றன. ஸ்டீல் கித்தாரும் இக்குடும்பத்தைச் சார்ந்ததே. ஆனால் அதில் வேறொரு நுட்பமும் உண்டு. வாசிப்பவரின் காலடியில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் மிதிகட்டை ஒன்று இருக்கும். விரல் நரம்பைத் தெறிக்கும் கணத்தில் ஒலியை அடக்கி, அடுத்த கணத்தில் மெல்லத் திறந்துவிட்டால், தெறித்த ஓசை கேளாது. மூச்சு எழுவது போல ஒலி மட்டும் எழும்.

பின்னர் மற்றொரு வகை மிதிகட்டையும் சேர்ந்தது. அதனை அழுத்தினால் குறித்த நரம்பு மட்டும் இறுகி அதன் சுரம் உயரும். பக்கத்து நரம்பு அசையாமல் நிற்கும். ஒன்றாக ஒலித்துக்கொண்டிருந்த இரு சுரங்களுள் ஒன்று மட்டும் தன் இடத்தைவிட்டு எழுந்து மேலே போவதைக் கேட்பவர் நெஞ்சம் நெகிழாதிருத்தல் அரிது. 1954ஆம் ஆண்டில் வெளிவந்த வெப் பியர்ஸ் என்பவரின் பாட்டொன்றில் பட் ஐசக்ஸ் இந்நுட்பத்தைக் கையாண்டார். அதைக் கேட்ட ஸ்டீல் கித்தார் வாசிப்போர் பலர் தம் கருவிகளிலும் மிதிகட்டைகளைப் பொருத்தத் தொடங்கினர்.

இனி அம்மையாரின் வரலாற்றுக்கு வருவோம். அவர் 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் வர்ஜினியா மாநிலத்தின் வின்செஸ்டர் நகரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வர்ஜினியா பேட்டர்சன் ஹென்ஸ்லி. தந்தையார் கொல்லர். வேலை தேடி ஊர் ஊராக அலைந்த குடும்பம் அது. பதின்மூன்றாம் வயதில் கடுமையான வாதக்காய்ச்சல் கண்டு அவர் பிழைத்தெழுந்தார். தம் குரல் ஓங்கியது அந்நோய்க்குப் பின்னரே என்று அவர் கூறுவதுண்டு. தந்தையார் குடும்பத்தை விட்டு நீங்கிய பின்னர்ப் பள்ளிப்படிப்பு நின்றது. மருந்துக்கடை ஒன்றில் சோடாவும் பனிக்கூழும் எடுத்துக் கொடுக்கும் வேலையில் அமர்ந்தார். பகலெல்லாம் அவ்வேலை, இரவில் சுற்றுப்புற ஊர்களின் சிறு மன்றங்களில் பாட்டு. அன்னையார் ஹில்டா தையல் வேலை செய்து குடும்பம் காத்தவர். மகள் மேடையில் உடுத்த குஞ்சங்கள் தொங்கும் உடைகளை அவரே தைத்துக் கொடுத்தார். பேட்டர்சன் என்பதைச் சுருக்கிப் பேட்சி என்றும், முதற்கணவரின் குடிப்பெயரால் கிளைன் என்றும் அவர் பெயர் பெற்றார்.

1954ஆம் ஆண்டில் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் அவருக்குத் தளையாக முடிந்தது. அந்நிறுவனத்திற்கு உரிமையான பாட்டுகளையே அவர் பாட வேண்டும் என்பது கட்டளை. நல்ல குரலுக்கு நல்ல பாட்டு வாய்க்காமல் ஆறு ஆண்டுகள் கழிந்தன. அவ்வாண்டுகளில் மக்கள் விரும்பிக் கேட்டதென்று சொல்லத்தக்கது ஒன்றே. ‘வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்’ என்னும் அப்பாட்டு, நள்ளிரவு கடந்த பின் தன் அன்பரைத் தேடித் தனியே நடக்கும் ஒருத்தியின் கூற்றாக அமைந்தது. அது 1956ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பதிவு செய்யப்பட்டது. இதில் வியப்பு என்னவெனில், அப்பாட்டை அம்மையார் முதலில் விரும்பவில்லை. அது நகரத்தார் பாடும் மெல்லிசை என்றும், தமக்குரிய கன்ட்ரி இசை அன்று என்றும் கருதினார்.

அன்று அவருக்கு ஸ்டீல் கித்தார் வாசித்தவர் டான் ஹெல்ம்ஸ். 1927இல் அலபாமா மாநிலத்திற் பிறந்த இவர், கன்ட்ரி இசையின் பெரும்பாடகராகிய ஹேங்க் வில்லியம்ஸுக்கு நெடுங்காலம் பக்கவாத்தியம் வாசித்தவர். ஹேங்க் வில்லியம்ஸ் பாடிப் பதிவான பாட்டுகளுள் நூற்றுக்கு மேற்பட்டவற்றில் ஹெல்ம்ஸின் கருவி ஒலிக்கிறது. மேல் நரம்புகளில், கூர்மையான உயர்ந்த ஒலியில் வாசிப்பது இவர் முறை. மிதிகட்டைகளால் நரம்பை இறுக்கும் புதுமையை இவர் மேற்கொள்ளவில்லை. எஃகுத் துண்டை எவ்வளவு சாய்ப்பது, எங்கே நிறுத்துவது, எப்போது நடுக்குவது என்பவற்றைக்கொண்டே எல்லாம் செய்தார். 1953ஆம் ஆண்டின் முதல் நாளில் ஹேங்க் வில்லியம்ஸ் இருபத்தொன்பதாம் வயதில் இறந்தார். தம் தலைவரை இழந்த அக்கருவி, நான்காம் ஆண்டு முடியுமுன்னர் ஓர் இளம்பெண்ணின் குரலோடு நள்ளிரவில் நடந்து சென்றது. அப்பாட்டைக் கேட்கும்போதெல்லாம், முன்னே செல்லும் அவளைச் சிறிது தொலைவில் நின்று காவல் காத்துக்கொண்டே ஒருவர் பின்தொடர்வதாக எனக்குத் தோன்றும்.

அடுத்த ஆண்டு சனவரி 21ஆம் நாள், ஆர்தர் காட்ஃப்ரே என்பவர் தொலைக்காட்சியில் நடத்திய திறனாய்வு நிகழ்ச்சியில் அம்மையார் அப்பாட்டைப் பாடி முதற்பரிசு பெற்றார். அந்நிகழ்ச்சியில் பாடுவோரைக் கண்டுபிடித்தவர் எனக் கூறி ஒருவர் அழைத்து வருதல் முறை. அவர் உறவினராக இருத்தல் கூடாது. ஹில்டா அம்மையாரே உறவை மறைத்துக்கொண்டு மகளை அழைத்து வந்தார். ஆனால் தாம் தைத்த உடையில் மகள் மேடையேறுவதைக் காணும் பேறு அன்று அவருக்குக் கிட்டவில்லை. நகரத்து மகளிர் மாலை விருந்துகளுக்கு உடுத்தும் உடையையே அணியுமாறு நிகழ்ச்சியாளர் வற்புறுத்தினர். அம்மையார் விரும்பாத பாட்டு, விரும்பாத உடை; ஆயினும் அவர் பெயர் ஒரே இரவில் நாடெங்கும் பரவியது.

உடையைப் பற்றிய இச்சிறு செய்தியை நான் இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. கன்ட்ரி இசை முழுவதற்குமே அக்காலத்தில் உடைமாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. ராக் அண்டு ரோல் என்னும் புதிய இசை இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்தது. கன்ட்ரி இசைத்தட்டுகளின் விற்பனை சரிந்தது. அதனைத் தடுக்க எண்ணிய ஓவன் பிராட்லி, செட் அட்கின்ஸ் போன்ற ஒலிப்பதிவு வல்லுநர்கள், நகரத்தாரும் விரும்புமாறு அவ்விசையை மெருகிட முனைந்தனர். பிடிலையும் ஸ்டீல் கித்தாரையும் பின்னே தள்ளினர்; பியானோவையும், வயலின் குழுவையும், பின்பாட்டுப் பாடும் ஆடவர் குழுவையும் முன்னே கொணர்ந்தனர். இது ‘நாஷ்வில் பாணி’ எனப் பெயர் பெற்றது. ஏழைக்குடியில் வளர்ந்த கருவி, புதிதாகச் செல்வம் வந்த வீட்டில் விருந்தினர் முன் வரவேண்டாவென்று உள்ளே நிறுத்தப்படும் முதியவரைப் போலாயிற்று. அக்கருவியையே நம்பி வாழ்ந்தோர்க்கு அது பிழைப்பைப் பற்றிய கவலையுமாகும்.

ஓவன் பிராட்லியின் ஒலிப்பதிவுக் கூடம் பதினாறாம் தெருவில், பழைய வீடு ஒன்றின் பின்புறத்தில், இராணுவத்தார் பயன்படுத்தும் அரைவட்டத் தகரக் கொட்டகையாக இருந்தது. உலகம் வியந்த பாட்டுகள் பல பிறந்த இடம் அது. அங்கே கூடும் கலைஞர்கள் இசைக்குறிப்பு எழுதிய தாளை எதிர்பார்ப்பதில்லை. புதிய பாட்டை ஓரிரு முறை கேட்பர். பிறகு யார் எங்கே வாசிப்பது, எங்கே ஓய்வது என்பதைத் தமக்குள் பேசி முடிவு செய்வர். ஜார்டனேர்ஸ் என்னும் பின்பாட்டுக் குழுவைச் சார்ந்த நீல் மாத்யூஸ், ஏழு சுரங்களை ஒன்று முதல் ஏழு வரை எண்களாற் குறித்துப் பாட்டின் அமைப்பை விரைந்து எழுதிக்கொள்ளும் முறை ஒன்றை வகுத்தார். பாடகருக்கு ஏற்பச் சுருதி எவ்வளவு மாறினாலும் எண் மாறாது. மூன்று மணி நேரம் கொண்டது ஓர் அமர்வு. அதற்குள் மூன்று நான்கு பாட்டுகள் முடிந்துவிடும்.

1960ஆம் ஆண்டில் பழைய ஒப்பந்தத்தின் தளை நீங்கிற்று. அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் ‘ஐ ஃபால் டு பீசஸ்’ என்னும் பாட்டு பதிவாயிற்று. பிரிந்துபோன அன்பர் எதிரே வரும்போதெல்லாம் தான் துண்டு துண்டாக உடைந்துபோவதாகக் கூறும் ஒருத்தியின் பாட்டு அது. ஆடவர் நால்வரின் பின்பாட்டு தம் குரலை மூழ்கடித்துவிடும் என்று அம்மையார் அஞ்சினாராம். அச்சம் வீணாயிற்று. இப்பாட்டைத்தான் நான் முதன்முதலிற் கேட்டேன். எங்கள் இல்லத்தில் அதனை ஒலிக்கவிட்டிருந்தபோது, அரிசியிற் கல் பொறுக்கிக்கொண்டிருந்த என் அன்னையார் கையை நிறுத்திக் கேட்டார். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அறியாதவர் அவர். பாட்டு முடிந்ததும், “அந்த அம்மாள் பாடியது இருக்கட்டும், பின்னால் ஒருவர் தேம்பிக்கொண்டே இருந்தாரே, அவர் யார்?” என்று வினவினார். உறையைப் புரட்டிப் பார்த்தேன். பாடியவர் பெயர் பெரிய எழுத்திலும் பாட்டை எழுதியவர் பெயர் சிறிய எழுத்திலும் இருந்தன. தேம்பியவர் பெயர் இல்லை.

அக்காலத்து இசைத்தட்டுகளில் பக்கவாத்தியக்காரர் பெயரைப் பொறிக்கும் வழக்கம் அரிது. பின்னாளில் ஆராய்ச்சியாளர் சிலர் அப்பெயர்களைத் தேடித் தொகுத்தனர். அவர்களுக்கு உதவியவை இசைக்கலைஞர் சங்கத்திற்கு அனுப்பப்பட்ட ஊதியச் சீட்டுகள். எந்த நாளில், எந்தக் கூடத்தில், யார் யார் வாசித்தனர், அவர்க்கு எவ்வளவு கூலி என்பது அச்சீட்டுகளில் இருந்தது. உறை மறைத்த பெயரைக் கூலிக்கணக்கு காப்பாற்றியது! அத்தொகுப்பு ஒன்றிலிருந்து அவர் பெயர் பென் கீத் என்று அறிந்தேன். அதனை அன்னையாரிடம் கூறியபோது, ஒருமுறை அப்பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, “அவருக்குக் கைந்நிறையக் கொடுத்தார்களா?” என்று கேட்டார். ஓர் அமர்வுக்கு இவ்வளவு என்று சங்கம் வரையறுத்த கூலி உண்டு. தட்டு எத்தனை விற்றாலும் அதில் பங்கு இல்லை என்று விளக்கினேன். அன்னையார் ஒன்றும் கூறாமல் முறத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பென் கீத் 1937இற் பிறந்தவர். அப்பாட்டிற்கு வாசித்தபோது அவருக்கு வயது இருபத்து மூன்றே. அவ்வயதில் கைத்திறனைக் காட்ட வேண்டும் என்னும் ஆசை எவர்க்கும் எழும். அவரோ அம்மையார் ஓரடியைப் பாடி மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும் நுழைந்து, இரண்டு மூன்று சுரங்களை நெடிது இழுத்து, குரல் மீண்டும் எழுமுன்னர் விலகிக்கொள்கிறார். அம்மையார் உடைந்துபோனேன் என்று பாடுகையில் அவர் குரல் உடையாது, நிமிர்ந்தே நிற்கும். உடைவதெல்லாம் பின்னே உள்ள நரம்புதான். தன்மானமுள்ள ஒருத்தி எதிரில் நிற்பவர் காணும்படி அழமாட்டாள். அவள் அடக்கிய அழுகையை அக்கருவி ஏற்றுக்கொள்கிறது என்று நான் கருதுகிறேன். நாஷ்வில் பாணி ஸ்டீல் கித்தாரைப் பின்னே தள்ளிக் கெடுத்தது என்று வருந்துவோர் பலர். பொதுவாக அவர்கள் கூறுவது மெய்யே. ஆனால் இப்பாட்டில் மட்டும், பின்னே தள்ளப்பட்ட அக்கருவி நின்ற இடமே அதற்கு ஏற்ற இடமாக அமைந்துவிட்டது.

பாட்டு 1961ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளிவந்து மெல்ல மெல்லப் பரவியது. அது முதலிடத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த காலத்தில், சூன் 14ஆம் நாள், நாஷ்வில் நகரில் அம்மையார் சென்ற கார் மற்றொரு காரோடு நேருக்கு நேர் மோதியது. நெற்றி பிளந்தது; எலும்புகள் முறிந்தன. அவருடைய இளைய குழந்தைக்கு அப்போது ஐந்து மாதமும் நிரம்பவில்லை. ஏறத்தாழ ஒரு திங்கள் மருத்துவமனையிற் கிடந்தார். அந்நாட்களில் லொரெட்டா லின் என்னும் புதிய பாடகி, வானொலியில் அம்மையாரின் அப்பாட்டையே பாடி, அதனை நோயுற்றிருக்கும் அவருக்குக் காணிக்கையாக்குவதாகக் கூறினார். மருத்துவமனையில் அதனைக் கேட்ட அம்மையார், அப்பெண்ணை அழைத்து வருமாறு தம் கணவரை அனுப்பினார். தம் பாட்டைப் பிறர் பாடினால் முகம் சுளிப்போர் உள்ள உலகில், தலையெல்லாம் கட்டோடு கிடந்த அவர் அப்பெண்ணை அருகழைத்துத் தோழியாக்கிக்கொண்டார். லொரெட்டா லின் பின்னாளில் பெரும்புகழ் பெற்றார். தம் இரட்டைப் பெண் குழந்தைகளுள் ஒன்றுக்குப் பேட்சி என்றே பெயரிட்டார்.

காயம் முற்றும் ஆறுமுன்னரே, ஆகஸ்டு 21ஆம் நாள், அம்மையார் ஊன்றுகோல்களோடு ஒலிப்பதிவுக் கூடத்திற்கு வந்தார். அன்று எடுத்துக்கொண்ட பாட்டு ‘கிரேஸி’. அன்பினாற் பித்தானேன் என்று தன்னைத் தானே நொந்துகொள்ளும் பாட்டு அது. எழுதியவர் வில்லி நெல்சன் என்னும் இளைஞர்; அப்போது அவர் பெயரை அறிந்தவர் சிலரே. அன்று ஸ்டீல் கித்தார் வாசித்தவர் வால்ட்டர் ஹேன்ஸ். பியானோவில் ஃபிளாய்டு கிரேமர் அமர்ந்திருந்தார். மூன்று மணி நேரத்தில் நான்கு பாட்டு முடியும் அக்கூடத்தில் அன்று நான்கு மணி நேரம் ஒரு பாட்டிலேயே கழிந்தது. உயர்ந்த சுரங்களைப் பற்ற முயன்றபோதெல்லாம் முறிந்த விலாவெலும்பு வலித்தது, குரல் எழவில்லை. இறுதியில் ஓவன் பிராட்லி கருவிகளின் இசையை மட்டும் நாடாவிற் பதிந்து வைத்தார். பின்னொரு நாள், வலி தணிந்த பிறகு, அம்மையார் வந்து அந்நாடாவை ஒலிக்கவிட்டு அதன்மேல் ஒரே முறையிற் பாடி முடித்தார்.

இதன் பொருளைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். பக்கவாத்தியம் பாடுவோரைப் பின்பற்றுவது; அவர் எங்கே நிற்பார், எங்கே நீட்டுவார் என்று முகத்தைப் பார்த்தே வாசிப்பது. இங்கோ துணை முன்னே வந்துவிட்டது. பாட்டு பின்னே வந்தது. இன்னும் வாராத குரலுக்கு இடம் விட்டு, அது வந்தால் எப்படி வரும் என்று கருதி வாசித்தனர் அக்கலைஞர்கள். அப்பாட்டில் பியானோவே முன்னிற்கிறது. ஹேன்ஸின் நரம்பொலியைக் கூர்ந்து கேட்டாலன்றி உணர இயலாது. ஒரு வீட்டில் வேறோர் அறையில் எரியும் விளக்கின் ஒளி வாயில் வழியே சிறிது தெரிவது போல அது உள்ளே இருக்கிறது. கேட்பவர் அதனைத் தனியே குறித்துக்கொள்வதில்லை. ஆனால் அவ்வொலி இல்லையெனின் பாட்டு நகரத்து இரவு விடுதியில் பாடும் பாட்டாகவே முடிந்திருக்கும். அம்மையார் பிறந்த மண்ணின் மணம் அதில் எஞ்சி நிற்பது அந்நரம்பினால்தான். வால்ட்டர் ஹேன்ஸைப் பற்றி எழுதியவர் குறைவு. அவர் பாட்டும் எழுதினார். பின்னாளில் பிறர் பாட்டைப் பதிவு செய்யும் பொறுப்பையும் ஏற்றார்.

அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள், நியூயார்க் நகரத்துக் கார்னகி அரங்கில், கன்ட்ரி இசைக்குழுவினரோடு அம்மையார் பாடினார். 1963ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் இறுதியாகப் பதிவு செய்த பாட்டுகளில் வயலின் குழுவே முன்னின்றது. ‘ஃபேடட் லவ்’ என்னும் பாட்டின் இறுதியில், கடைசிச் சொல்லுக்கு முன் அவர் மூச்சை உள்ளிழுப்பது தெளிவாகக் கேட்கும். இசைத்தட்டில் அதனை அழிக்காமல் விட்டவர்க்கு நாம் நன்றி கூற வேண்டும்.

மார்ச்சு 3ஆம் நாள், விபத்தில் இறந்த வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் குடும்பத்திற்கு உதவுமாறு கான்சஸ் நகரில் நடந்த நிகழ்ச்சியில் அம்மையார் பாடினார். அன்று அவருக்கு உடல்நலமும் இல்லை. வானிலை கெட்டிருந்தமையால் இரு நாள் கழித்தே ஊர் திரும்ப இயன்றது. சிறிய விமானத்தில் நால்வர். கௌபாய் கோபாஸ், ஹாக்ஷா ஹாக்கின்ஸ் என்னும் பாடகர் இருவர், அம்மையார், விமானத்தை ஓட்டியவர் ராண்டி ஹியூஸ். வழியில் எரிபொருள் நிரப்ப இறங்கிய இடத்தில், பொறுத்துச் செல்லுமாறு கூறினர். அவர்கள் பொறுக்கவில்லை. மார்ச்சு 5ஆம் நாள் மாலை, டென்னசி மாநிலத்துக் கேம்டன் என்னும் ஊருக்கருகில், மழையும் இருளும் சூழ்ந்த காட்டில் விமானம் வீழ்ந்தது. அம்மையாரின் கைக்கடிகாரம் 6.20இல் நின்றிருந்தது. ராண்டி ஹியூஸ் அம்மையாரின் மேலாளர் என்பதைப் பலரும் எழுதுகின்றனர். ‘ஐ ஃபால் டு பீசஸ்’ பதிவான நாளில் பென் கீத்தோடு அமர்ந்து கித்தார் வாசித்தவருள் அவரும் ஒருவர் என்பதை எழுதுவோர் சிலரே.

வின்செஸ்டர் நகரில் அம்மையாரை அடக்கம் செய்தனர். 1973ஆம் ஆண்டில் கன்ட்ரி இசைப் புகழவையில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. குழுவாகவன்றித் தனித்து அச்சிறப்பைப் பெற்ற முதற்பெண்மணி அவரே. 1967இல் வெளிவந்த அவருடைய பாட்டுத் தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் படிகளுக்கு மேல் விற்பனையானது. ஹில்டா அம்மையார் தையல் இயந்திரத்தோடு வாழ்ந்த சிறு வீடு 2011 முதல் நினைவில்லமாக விளங்குகிறது. மகள் மறைந்த பின் அத்தாய் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து 1998இல் இறந்தார்.

பென் கீத் 1971இல் நாஷ்வில் நகருக்கு வந்த நீல் யங் என்னும் கனடா நாட்டுப் பாடகரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டில் வெளிவந்த ‘ஹார்வெஸ்ட்’ என்னும் தொகுப்பில் அவர் கருவி ஒலிக்கிறது. அந்நட்பு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது. ராக் இசை கேட்கும் இளைஞர் இலட்சக்கணக்கானோர் ஸ்டீல் கித்தாரின் குரலை முதலிற் கேட்டது அவர் வழியாகவே. 1995இல் ஜூவல் என்னும் இளம்பாடகியின் முதல் தொகுப்பை உருவாக்கித் தந்தவரும் அவரே. இசைத்தட்டின் உறையில் பெயரின்றித் தொடங்கிய ஒருவர், இன்னொருத்தியின் பெயர் உறையில் வருவதற்குத் துணை நின்றார்.

மூவரும் முதுமை எய்தும்வரை வாழ்ந்தனர். அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் மறைந்தனர். டான் ஹெல்ம்ஸ் 2008ஆம் ஆண்டு ஆகஸ்டில் இறந்தார். வால்ட்டர் ஹேன்ஸ் 2009ஆம் ஆண்டின் முதல் நாளில் இறந்தார். பென் கீத் 2010ஆம் ஆண்டு சூலையில், கலிபோர்னியாவில் நீல் யங்கின் பண்ணையில், எழுபத்து மூன்றாம் வயதில் இறந்தார். இவருள் ஹெல்ம்ஸ், ஹேங்க் வில்லியம்ஸின் மகளாகிய ஜெட் வில்லியம்ஸ் பாடும் மேடைகளிலும் முதுமையில் அமர்ந்து வாசித்தார். அப்போதும் அவர் வாசித்தது மிதிகட்டைகள் இல்லாத தம் பழைய கருவியைத்தான்.